டொலறஸ் அக்கா சொன்ன சீனக் கதை

டொலறஸ் அக்காவுக்குச் சீன பாஷை தெரியும் என்று சொன்னால் புதிதாகக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். பேசாலையில் மீன்வாடி வைத்திருந்த குடும்பத்துப் பெண். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இங்கிலீஷே தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் ஹொங்கொங்காரர் பேசுகிற சீனம் அவருக்கு நன்றாக விளங்கும், ஓரளவு பேசவும் வரும். அதனால் ஒரு குடும்பம் பிரிந்தது என்று அப்டன் பார்க்கில் சிலர் இன்றைக்கும் சொல்வார்கள். அந்த அறையில் நானும் இருந்தவள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா லண்டனுக்கு வந்தது எண்பத்தைந்தில். கணவர் றெஜினோல்ட் அண்ணை இரண்டு வருடம் முன்னதாக வந்து ஒரு பாண் பேக்கரியில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. கிறீன் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் மரக்கறிக் கடை ஒன்றின் மேலே இரண்டறை பிளாற். நானும் என் கணவர் பரமேஸ்வரனும் பக்கத்து வாசல். நாங்கள் சைவம், அவர்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். அவருடைய கோயில் ஆட்கள் எல்லாரும் எனக்கு அவர் மூலமாகப் பழக்கமானவர்கள்தான்.

வந்த அடுத்த வருடம் ஸ்ராற்போட் பக்கம் ஒரு தையல் பட்டறையில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. லாவ் என்ற ஹொங்கொங் குடும்பம் நடத்தியது. பதினான்கு மெசின். பாவாடைகளுக்கு உள்துணி வைத்துத் தைப்பது அக்காவின் வேலை. முதலாளியம்மா மிசிஸ் லாவுக்கும் அக்காவின் வயதுதான் இருக்கும், முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு. அறையின் தலைப்பக்கத்தில் ஒரு ரிவியும் வீடியோ டெக்கும் இருந்தன. மிஸ்டர் லாவ் கிழமைக்கு ஒருமுறை சைனாரவுனுக்குப் போய்ச் சரித்திர நாடகக் கசெற்றுகளை வாடகைக்கு எடுத்துவருவார். காலையில் போட்டால் வேலை முடியும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். தைக்கிறவர்கள் நிமிர்ந்து பார்க்க முடியாது, பார்த்தால் ஊசி விரலில் ஏறிவிடும். காதால் கேட்டபடி தைப்பார்கள். ரிவியில் யாராவது பெரிதாக அழுதால் மட்டும் எல்லா மெசினும் ஒருமிக்க நிற்கும்.

அக்கா சீனம் படித்தது அந்த மெசினுக்கு முன்னால் இருந்துதான். முதல் ஆறு மாதம் அவருக்கு அது வெறும் சத்தம். பிறகு மாமியார், மருமகள், சீதனம், தேநீர், சாபம் என்று ஒவ்வொரு சொல்லாகப் பிரிந்து வந்தது. ஒருநாள் மிசிஸ் லாவ் காய்ச்சலோடு வேலைக்கு வந்திருந்தார். அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போய் இரண்டு கையாலும் நீட்டி, ரிவியில் பலதரம் கேட்ட வசனத்தை அப்படியே ஒப்புவித்தார். "அற்ப மருமகள் அம்மையாருக்குத் தேநீர் சமர்ப்பிக்கிறாள், ஏற்றருள வேண்டும்" என்பது அதன் பொருள். பட்டறையே சிரித்தது. மிசிஸ் லாவ் மட்டும் சிரிக்காமல், நாடகத்து மாமியார் போல முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்து, "எழுந்திரு, பிள்ளாய்" என்றாராம். அன்றிலிருந்து இருவரும் கூட்டு. அக்கா பேசியது முழுக்க முழுக்க அரண்மனைச் சீனம். எங்கள் தெருமுனை டேக்அவேயில் போய் ஒரு நூடில்ஸ் கேட்டாரென்றால், கடைக்காரன் பகிடிக்குக் கைகட்டித் தலைகுனிந்து நிற்பான்.

எண்பத்தொன்பது கடைசியில் ஒரு புதுத் தொடர் வந்தது. தமிழில் சொன்னால் 'மூன்று முற்றத்து வீடு'. அறுபது பாகம். பழைய அரசர் காலத்தில் ஒரு தேயிலை வியாபாரியின் வீடு, அந்த வீட்டு மூத்த மகனுக்குக் கட்டிவைத்த சியூ லான் என்ற பெண், அவளுக்கு நேர்ந்தவை. மெசின் சத்தத்தில் பாதியும் கேட்கவில்லை என்று அக்கா மிசிஸ் லாவிடம் சொல்லி, சனிக்கிழமைகளில் அந்தக் கசெற்றுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார். அப்படி ஒரு சனி நான் கறிவேப்பிலை கேட்டுப் போனேன். ரிவியில் சிவப்புப் பல்லக்குக்குள் ஒரு பெண் முகத்திரையைப் பல்லால் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஏனக்கா அழுகிறாள்?"

"மாப்பிள்ளை குடிச்சுப்போட்டு எங்கையோ கிடக்கிறான். அவனுக்குப் பதிலா ஒரு சேவலைப் பிடிச்சு மாப்பிள்ளையா நிப்பாட்டிப் போட்டினம்."

"சேவலையோ?"

"அவையின்ர வழக்கமாம். இரு சிவனேசு, சொல்லுறன்."

என் பெயர் சிவனேஸ்வரி. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகும்போது நாலு மணி. அடுத்த சனி என்னோடு இன்னொருத்தி வந்தாள். ஆறாம் கிழமை அந்தச் சின்ன அறையில் ஒன்பது பெண்கள் இருந்தோம். ஊர்ப் படக் கசெற்றுகள் எல்லாம் தேய்ந்து கோடு விழுந்த காலம் அது. எங்களுக்கு வேறு என்ன இருந்தது? புட்போல் மேட்ச் உள்ள சனிகளில் தெருவெல்லாம் ஆட்கள் நிறைந்துவிடும் என்பதால் பன்னிரண்டு மணிக்கே வந்து இடம் பிடிப்போம். அக்கா ரிவிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்து, ஒவ்வொரு காட்சிக்கும் டெக்கை நிறுத்தி நிறுத்திச் சொல்வார். மாமியாருக்கு ஒரு குரல், வேலைக்காரிக்கு ஒரு குரல். தெரியாத சொல் வந்தால் "இது எனக்கு விளங்கேல்லை, திங்கட்கிழமை கேட்டுக்கொண்டு வாறன்" என்பார். கேட்டுக்கொண்டும் வருவார். ஒன்றையும் கூட்டிக் குறைத்துச் சொல்ல மாட்டார் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம்.

வந்தவர்களில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒருவர் அஞ்சலீனா அன்ரி. கோயிலில் செபமாலைக் கூட்டத்தை நடத்துகிறவர், ஐம்பது வயது, எல்லாருக்கும் புத்தி சொல்கிறவர். மற்றவள் கத்தரின். இருபத்துநாலு வயது. மூன்று வயது மகள் ஜெனிற்றாவோடு வந்து கதவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருப்பாள். சிரிக்கிற இடத்தில் சிரிப்பாள், அவ்வளவுதான். மூன்றரை ஆனால் எழும்பிவிடுவாள். அவளுடைய கணவன் பெனடிக்ற் நாலு மணிக்கு வேலையால் வருவான்.

தொண்ணூறாம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு சனி, காஸ் ஹீற்றர் முழுதாக எரிந்துகொண்டிருந்தது. எங்களுக்கெல்லாம் வியர்த்தது, கத்தரின் மட்டும் நீளக்கைச் சட்டையோடு இருந்தாள். நான் பிளேன்ரீ கொடுக்க, அவள் கை நீட்டினாள். சட்டைக்கை மேலே ஏறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை விரல் விரலாகக் கன்றிய அடையாளம், சில நீலம், சில மஞ்சள். அக்கா பார்த்தார். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, "தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு இரண்டு கிழமை கழித்துத்தான் அந்தப் பாகம் வந்தது. கணவன் சியூ லானின் கையை முறித்துவிடுகிறான். அவள் தகப்பன் வீட்டுக்கு ஓடுகிறாள். தகப்பன் கதவைத் திறக்காமல் உள்ளே நின்றே பேசுகிறான்.

"கட்டிக்குடுத்த மகள் வெளியிலை ஊத்தின தண்ணியாம். திருப்பி அள்ள ஏலாதாம்" என்று அக்கா சொன்னார்.

கத்தரின் மகளின் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தாள். அடுத்த காட்சியில் மழை. சியூ லான் நடந்து நடந்து மறுபடியும் மூன்று முற்றத்து வீட்டு வாசலுக்கே வருகிறாள். சேற்றில் முழங்காலில் இருந்து, நெற்றி நிலத்தில் படும்படி குனிந்து குனிந்து ஏதோ சொல்கிறாள். அக்கா வழக்கம் போல டெக்கை நிறுத்தினார். ஆனால் வாய் திறக்கவில்லை.

"என்னவாம்? என்ன சொல்லுறாளாம்?" என்று அஞ்சலீனா அன்ரி அவசரப்படுத்தினார்.

அக்கா ரிவியில் நின்றுபோயிருந்த சியூ லானைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"கும்பிட்டுப்போட்டுப் போறாள். இந்த வீட்டுச் சோத்தைத் திண்டனான், அதுக்கு ஒரு கும்பிடு. இனிமேல் இந்த வாசலை மிதிக்க மாட்டன் எண்டு சொல்லுறாள்."

"எங்கை போவாளாம்?"

"அதைச் சொல்லேல்லை. ஆனால் போறாளாம்."

டெக்கை மறுபடி ஓடவிட்டார். கதவு திறந்தது. இரண்டு வேலைக்காரிகள் வந்து சியூ லானைக் கைத்தாங்கலாகத் தூக்கி உள்ளே கூட்டிப்போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

"போறன் எண்டவள் உள்ளை போறாள்?" என்றார் அன்ரி.

"சீதனப் பெட்டி எடுக்க" என்று சொல்லி அக்கா டெக்கை அணைத்துவிட்டார். நேரம் மூன்றே கால்தான்.

அதற்கு அடுத்த சனி அக்கா பட்ட பாடு சொல்லி முடியாது. நான்கு பாகம் ஓடியது, நான்கிலும் சியூ லான் அந்த வீட்டிலேயேதான் இருந்தாள்.

"பெட்டி எடுக்க வந்தவள் ஏன் அடுப்படியிலை நிக்கிறாள்?"

"பெட்டி இன்னும் குடுக்கேல்லை அன்ரி."

"குடுக்காததுக்கு மாமிக்குக் கால் பிடிச்சு விடுவாளோ?"

"பெட்டியின்ர திறப்புக்கொத்து மாமியின்ர இடுப்பிலை இருக்கெல்லோ!"

எல்லாரும் சிரித்தோம். கத்தரினும் சிரித்தாள். அக்காவின் கழுத்து வியர்த்திருந்ததை நான் கவனித்தேன், ஆனால் காரணம் விளங்கவில்லை. அதுதான் அந்த அறையில் கத்தரின் கடைசியாக இருந்த சனிக்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை பெனடிக்ற் வேலைக்குப் போன பிறகு, அவள் மகளைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனாள். அங்கே நேர்ஸிடம் கையைக் காட்டினாள். நேர்ஸ் எங்கோ போன் பண்ணினாள். மத்தியானம் ஒரு வெள்ளைக்காரப் பெண் காரில் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போனாள். எங்கே என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்படி ஓடிவருகிற பெண்களை வைத்துப் பார்க்கிற வீடுகள் இருந்தன, விலாசம் வெளியே கொடுக்கமாட்டார்கள். இரண்டு சூட்கேசும் ஒரு பிளாஸ்ரிக் பையும்தான் அவள் கொண்டுபோனவை.

ஞாயிறு பூசை முடிந்ததும் பெனடிக்ற் தன் தமையன் செபஸ்தியாம்பிள்ளையோடு அக்காவின் வீட்டுக்கு வந்தான். சத்தம் கேட்டு நானும் படியில் போய் நின்றேன். தமையன்தான் பேசினார்.

"நீங்கள்தானாம் சீனப் படம் காட்டிக் குடும்பம் பிரிக்கிறது?"

"அண்ணை, உள்ளை வந்து இருந்து கதையுங்கோ."

"இருக்க வரேல்லை. என்னோடை வேலை செய்யிற சீனன் ஒருத்தன் அந்த நாடகம் முழுக்கப் பாத்தவன். அந்தப் பெட்டை எங்கையும் போகேல்லையாம். பிழை தன்னிலை எண்டு புருசன் வீட்டு வாசலிலை மன்னிப்புக் கேட்டு உள்ளை போனவளாம். நீங்கள் ஏன் மாத்திச் சொன்னனீங்கள்?"

அக்கா மறுக்கவில்லை.

"ஓம். மாத்தித்தான் சொன்னனான்" என்றார்.

அப்போது றெஜினோல்ட் அண்ணை ஷிப்ட் முடிந்து படுத்திருந்தவர், இடுப்பில் கட்டிய சாரத்தோடு எழும்பி வந்தார். அதிகம் பேசாத மனிதர். பெனடிக்றைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அந்தப் பிள்ளையின்ர கை ஏன் அப்பிடிக் கிடந்தது?"

"அது எங்கட வீட்டுக் கதை."

"அப்ப இது எங்கட வீட்டு ரிவி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஆனால் செய்தி பரவியது. கோயில் முற்றத்தில் பெண்கள் அக்காவைக் கண்டால் விலகி நின்றார்கள். கத்தரின் போனதைவிட, தங்களை ஏமாற்றியதுதான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. "அறுபது பாகத்திலை எது மெய், எது பொய் எண்டு இனி என்னெண்டு தெரியும்?" என்று அஞ்சலீனா அன்ரி கேட்டார். சனிக்கிழமைகள் நின்றன. என் கணவரும் "கொஞ்சக் காலம் அங்கை போகாதை" என்றார். நான் போகவில்லை. பக்கத்து வாசலில் இருந்துகொண்டு ஐந்து மாதம் போகவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த மாதங்களில் நடந்ததை அக்கா பிறகுதான் எனக்குச் சொன்னார். அவருக்கு யாரும் பேசாததைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கலியாணம் தேவதிரவிய அனுமானம், கோயிலின் ஏழு அருட்சாதனங்களில் ஒன்று; கடவுள் சேர்த்ததை ஒரு பொய்யால் பிரித்துவிட்டேனோ என்ற பயம். கடைசியில் பாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். பாதர் ஐரிஷ்காரர், வயதானவர், காது கொஞ்சம் மந்தம். அவருக்கு இங்கிலீஷில் சீன நாடகத்தை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் எடுத்ததாம். சேவலோடு கலியாணம் நடந்ததையும் சொல்லவேண்டி வந்தது, இல்லாவிட்டால் மற்றது விளங்காது. வெளியே பாவசங்கீர்த்தனத்துக்குக் காத்துநின்றவர்கள் இருமத் தொடங்கிவிட்டார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு பாதர் கேட்டாராம், "உண்மையான அந்தப் பெண்ணை உண்மையாகவே அடித்தார்களா?"

"ஓம் பாதர்."

"பொய் சொன்னதற்கு மூன்று அருள்நிறைந்த மரியே சொல்."

"மற்றதுக்கு, பாதர்?"

"எந்த மற்றது?" என்று கேட்டுவிட்டு பாதர் ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பிவிட்டாராம். அக்காவுக்கு அது போதவில்லை. முழுச் செபமாலையாகச் சொன்னார்.

தொடரின் மிச்சத்தைப் பட்டறையில் மிசிஸ் லாவோடு பார்த்து முடித்தார். தான் கதையை மாற்றிச் சொன்னதையும் அவரிடம் ஒப்புக்கொண்டார். மிசிஸ் லாவ் கொஞ்சம் யோசித்து, "என் அம்மாவுக்கும் யாராவது அப்படி மாற்றிச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

ஆவணி மாதம் ஒருநாள் நான் வெட்கத்தை விட்டு அக்காவின் கதவைத் தட்டினேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன். வழி என்றால் பத்து அடிதான். அவர் திறந்து பார்த்து, "வா சிவனேசு, தேத்தண்ணி வைக்கப் போனனான்" என்றார். நான் பாடமாக்கியதைச் சொல்ல அவர் இடம் தரவில்லை.

அந்த வருடம் யேசு பிறந்தநாளான நத்தாருக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு போன் வந்தது. கத்தரின். கவுன்சில் அவளுக்கு ஹவுன்ஸ்லோவில் ஒரு பிளாற் கொடுத்திருந்தது. எயார்ப்போட்டில் விமானச் சாப்பாடு கட்டுகிற கிச்சின் ஒன்றில் பகல் ஷிப்ட் கிடைத்திருந்தது. அக்காவும் நானும் ஒரு ஞாயிறு ட்ரெயின் மாறிப் போனோம். ஜெனிற்றா வளர்ந்திருந்தாள். கத்தரின் அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள். மீன்குழம்பு வைத்திருந்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்து, "கத்தரின், நான் உனக்கு ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு நான் சொன்னது பொய்" என்றார்.

"எது, சியூ லான் போனது எண்டதோ?"

"ஓம்."

"அக்கா, நான் என்ன குருடியே? அவள் உள்ளை போனவள், கதவு சாத்தினவை. அதுக்குப் பாஷை தெரியவேணுமே?"

அக்கா திகைத்துப்போனார். "அப்ப நீ ஏன் போனனீ?"

கத்தரின் மகளை மற்ற அறைக்குப் போய் விளையாடச் சொல்லிவிட்டுப் பேசினாள்.

"நீங்கள் ஒருநாளும் மாத்திச் சொல்லாத ஆள். தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுறனீங்கள். அண்டைக்கு நீங்கள் வாய் திறக்காமல் இருந்தனீங்கள். பிறகு பொய் சொன்னனீங்கள். எனக்காகத்தான் சொல்லுறீங்கள் எண்டு எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிப்போச்சு. அதுவரைக்கும் என்ர விசயம் வெளியிலை ஒருத்தருக்கும் தெரியாது எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். வெளியிலை சொன்னால் நான்தான் பொய் சொல்லுறன் எண்டுவினம் எண்டு இவர் சொல்லுவார். உங்களுக்குத் தெரியும் எண்டு கண்டவுடனை... எனக்குத் துணிவு வந்தது. அவ்வளவுதான்."

எனக்கும் தெரியும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. தெரிந்துகொண்டு சீனியைப் பற்றிக் கேட்டவள் நான்.

"கடைசியிலை அவளுக்கு என்ன நடந்தது?" என்று கத்தரின் கேட்டாள்.

"புருசன் செத்துப்போறான். அவள் மாமியாகிறாள். பிறகு தன்ர மருமகளைப் பிடிச்சு அதே வாசலிலை முழங்காலிலை இருத்துறாள்."

"இதையும் மாத்தித்தான் சொல்லுறீங்களோ?"

"இல்லையடி. இது மெய்."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டுக் கத்தரின் கொஞ்சம் அழுதாள்.

பிறகு நடந்தவை பெரிதாக இல்லை. தொண்ணூற்றிரண்டில் தையல் வேலை எல்லாம் வெளிநாட்டுக்குப் போக, பட்டறையை மூடினார்கள். லாவ் குடும்பம் மான்செஸ்ரருக்குப் போனது. சீன வருடப்பிறப்புக்கு மிசிஸ் லாவ் போன் எடுப்பார். அக்கா இன்னமும் அரண்மனைச் சீனத்தில்தான் வாழ்த்துச் சொல்வார். அக்காவுக்குச் செவன் கிங்ஸில் ஒரு பள்ளிக்கூடக் கிச்சினில் வேலை கிடைத்தது, வீட்டையும் அந்தப் பக்கமே மாற்றிக்கொண்டார்கள். பெனடிக்ற் கனடாவுக்குப் போய்விட்டான். மகளின் பிறந்தநாளுக்குக் கார்ட் அனுப்புவான். கத்தரின் அவற்றை எறியாமல் மகளிடமே கொடுப்பாள்.

தொண்ணூற்றைந்து வைகாசியில் ஜெனிற்றாவுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். கத்தரின் அக்காவையும் என்னையும் அழைத்திருந்தாள். புறப்படுகிற அன்று காலை றெஜினோல்ட் அண்ணையின் வான் வண்டிக்குப் பக்கத்தில் அஞ்சலீனா அன்ரி கையில் ஒரு கேக் பெட்டியோடு நின்றார்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. கேள்விப்பட்டனான். இடமிருந்தால் வாறன்" என்றார்.

அக்கா பின்கதவைத் திறந்து, அவருக்கு ஏற வசதியாகக் கை கொடுத்தார்.

பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சாப்பாடு. அன்ரி யாரும் கேட்காமலே சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சோறு பரிமாறினார். கத்தரின் ஒருகணம் அவரைப் பார்த்துவிட்டு, கறிச்சட்டியைக் கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் வைத்தாள். இருவரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை, இறைச்சி காணுமா, இன்னும் எத்தனை பேர் வரவேணும் என்பதைத் தவிர.

திரும்பி வரும்போது வான் ஹாமர்ஸ்மித்தைத் தாண்டியது. பிறகு அன்ரி, "பிள்ளையை நல்லா வளத்திருக்கிறாள்" என்றார்.

"ஓம்" என்றார் டொலறஸ் அக்கா. முன்சீற்றில் இருந்து திரும்பி, "கேக் மிச்சம் இருக்கு அன்ரி, வீட்டை கொண்டுபோங்கோ" என்றார்.